காரைக் கடைசியில் வாங்குங்கள்: திருமலையில் இருந்து ஒன்ராறியோ போகிறவர்களுக்கு

கனடாவுக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு வீட்டில் என்னென்ன கட்டிக் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, கோணேசர் கோயில் திருநீறு. சூட்கேசில் ஒரு கிலோ இடம் மிஞ்சினால் அதற்கும் ஏதாவது வந்து சேரும். ஆனால் எத்தனை வருடமாக லைசன்ஸ் வைத்திருக்கிறாய் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு கடிதம் எடுத்து வை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருகோணமலை உப்புவெளியில் இருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய், கேட்க ஆளில்லாமல் லைசன்ஸ், இன்சூரன்ஸ், கார் என்று அலைந்த முதல் வருடத்தில் 4,000 டொலருக்கு மேல் நட்டப்பட்டேன். அதைவிடக் கூடுதலாக வருத்தியது, யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுத் தனியே இருந்த நாட்கள். முதலில் காருக்குக் கையெழுத்துப் போட்டேன், பிறகு லைசன்சுக்கு ஓடினேன், கடைசியாக இன்சூரன்ஸ் கேட்டேன். செய்ய வேண்டிய வரிசையோ லைசன்ஸ், இன்சூரன்ஸ், அதன் பிறகுதான் கார். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிற நேரத்தில், அடுத்த மாதம் புறப்படுகிற பிள்ளைகள் இரண்டு பேர் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இதெல்லாம் ஒன்ராறியோ மாகாணத்து நடைமுறை; மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

முதலில் அந்தக் கடிதம். ஒன்ராறியோவில் கார் லைசன்ஸ் மூன்று படியாக வரும்: ஜி1 என்ற எழுத்துப் பரீட்சை, ஜி2 வீதிப் பரீட்சை, அதன்பின் முழு ஜி. புதிதாகப் பழகுகிறவர் ஜி1 எடுத்து 12 மாதம் காத்திருந்துதான் ஜி2-க்குப் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு முடித்தால் 8 மாதம். செல்லுபடியாகும் இலங்கை லைசன்ஸ் அட்டையைக் காட்டினால் அதிகபட்சம் 12 மாத அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள், காத்திருக்காமல் ஜி2 பரீட்சைக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்தை ஏற்று நேரே ஜி பரீட்சைக்கு விட வேண்டுமானால், லைசன்ஸ் கொடுத்த திணைக்களமோ தூதரகமோ அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில், உத்தியோகபூர்வத் தாளில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும்போது இது இரவு ரயில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி, வெரஹெர அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கிற வேலை. கனடாவுக்குப் போனபின் அதே வேலைக்கு அம்மாவையோ தம்பியையோ அனுப்பி, அதிகாரக் கடிதம் எழுதி, தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் இரண்டரை மாதம் போனது. கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று மூன்று விடயத்தைப் பாருங்கள். லைசன்சை முதன்முதல் எடுத்த திகதி இருக்கிறதா, அல்லது கடைசியாகப் புதுப்பித்த திகதி மட்டும்தானா? எந்த வகை வாகனத்துக்கு என்று எழுதியிருக்கிறதா? பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கிறதா? கடைசிச் சங்கதிதான் நம்மவர்களுக்கு அடிக்கடி இடறும். லைசன்சில் முதலெழுத்தும் பெயரும், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுதாக, விசாவில் முன்பின்னாக என்று இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இன்னொரு சத்தியக் கடதாசி தேவைப்படும்.

புதிதாகக் குடியேறியவர் தன் நாட்டு லைசன்சோடு 60 நாள் ஓட்டலாம். அதை ஓடித்திரிகிற காலமாக எடுக்காமல் ஜி1 எழுதுகிற காலமாக எடுங்கள். மொத்தம் 40 கேள்வி. வீதிக் குறியீடுகளில் 20, விதிகளில் 20. ஒவ்வொன்றிலும் 16 சரியாக வர வேண்டும். தமிழிலும் எழுதலாம். ஆனாலும் கையேட்டை ஆங்கிலத்தில் ஒருதரம் முழுதாக வாசியுங்கள், வீதியில் நிற்கும் பலகை தமிழில் இருக்காது. ஜி1 மட்டும் கையில் இருந்தால், நாலு வருடமாவது லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவில் இருந்து அதிகாலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. 401 போன்ற பெருந்தெருக்களில் ஏறக்கூடாது. வீதிப் பரீட்சைக்கு முன் நாலைந்து வகுப்பாவது எடுங்கள். பத்து வருடம் ஓட்டியவனுக்கு எதற்கு வகுப்பு என்று எனக்கும் மனம் சொன்னது. ஊரில் நாம் கண்ணால் பார்த்து ஓட்டுகிறோம், தலையைத் திருப்புவதில்லை. அங்கே பரிசோதகர் உங்கள் தலை திரும்புகிறதா என்றுதான் பார்க்கிறார். பாதை மாற முன் கண்ணாடி, சிக்னல், பிறகு தோளுக்கு மேலால் ஒரு பார்வை, ஒவ்வொரு தரமும். ஸ்டொப் பலகையில் சில்லு முழுதாக நிற்க வேண்டும். மெல்ல உருட்டிக்கொண்டு போனால் அந்த இடத்திலேயே பெயில் ஆகலாம்.

இனி வீதியின் பக்கம். வலப்பக்கம் ஓடுவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். நெரிசலான வீதியில் அது பெரிய கஷ்டமே இல்லை, முன்னால் போகிற வாகனத்தின் பின்னால் போனால் சரி. ஆபத்து வெறும் வீதியில் இருக்கிறது. விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் புறப்பட்டு, ஒரு வாகனமும் இல்லாத ஒழுங்கையில் இருந்து இடப்பக்கம் திரும்பும்போது கை தானாகவே ஊர் வழக்கத்துக்குப் போகும், எதிர்த்தடத்தில் போய் நிற்பீர்கள். பெற்றோல் ஷெட்டில் இருந்தும் கடை வளவுகளில் இருந்தும் வெளியே வரும்போதும் இதே கதைதான். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும்: ஊரிலும் சரி அங்கும் சரி, வீதியின் நடுக்கோடு எப்போதும் சாரதி இருக்கும் பக்கத்தில்தான் வரும். நிலாவெளி வீதியில் ஓடும்போது நடுக்கோடு உங்கள் வலத்தோளுக்குப் பக்கத்தில். ஸ்காபரோவில் இடத்தோளுக்குப் பக்கத்தில். திரும்பி முடிந்ததும் கோடு என் தோள்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தோளுக்கு அந்தப் பக்கம் வீதிக்கரை தெரிந்தால் பிழையான தடத்தில் நிற்கிறீர்கள். முதல் இரண்டு மாதம் இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டலாம்.

உடம்பு செய்கிற மற்றப் பிழை, கார் வலக்கரைக்குச் சரிந்துகொண்டே போவது. இத்தனை வருடமும் காரின் வலப்பக்கத்தில் இருந்து ஓட்டியதால், உங்கள் இடப்பக்கம்தான் கார் அகலமாக இருக்கிறது என்று மூளை நினைத்து வைத்திருக்கும். இடப்பக்கச் சீட்டில் இருக்கும்போது அந்த அகலம் வலப்பக்கம் போய்விடும், மூளைக்கு அது தெரிய நாளாகும். வலச்சில்லு கரைக்கட்டில் உரசும், நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடியில் தட்டும். பக்கத்துக் கோட்டையே பார்த்துப் பார்த்து ஓட்டினால் இது கூடும். தடத்தின் நடுவில், தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து ஓட்டினால் கார் தானாக நடுவுக்கு வரும். கைக்கும் இதே பிரச்சினை. ஊரில் ஓடுகிற யப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கையில், வைப்பர் இடக்கையில். அங்கே மாறி இருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் மழை இல்லாமல் வைப்பர் ஆடுவது வெட்கமாக இருக்கும், ஆனால் உண்மையான கேடு அதுவல்ல, சிக்னல் போடாமல் திரும்பியதுதான். காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருபது தரம் இடக்கையால் சிக்னல் போட்டுப் பழகுங்கள். நடந்து வீதியைக் கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பாருங்கள், நமக்குப் பழக்கம் வலப்பக்கம். சுற்றுவட்டத்தில் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், இடப்பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும்.

வீதி மொழியும் வேறு. ஊரில் ஹோர்ண் என்றால் ‘நான் பின்னால் வருகிறேன், பார்த்துக்கொள்’ என்கிற அறிவிப்பு. ஓட்டோவைக் கடக்கும்போது ஒரு சின்னச் சத்தம் கொடுக்காவிட்டால்தான் பிழை. அங்கே ஹோர்ண் அடித்தால் கோபம் என்று அர்த்தம். லைற்றை இன்னும் கவனிக்க வேண்டும். ஹபரணை வீதியில் எதிரே வருகிற பஸ் லைற் அடித்தால் ‘நான்தான் வருகிறேன், நீ ஒதுங்கு’ என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று சொல்லத்தான் அடிப்பார்கள். இரண்டும் நேர் எதிர் என்பதால் விளங்காமல் நடுவில் சந்தித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நாலு பக்கமும் ஸ்டொப் இருக்கும் சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை. சிவப்பு விளக்கிலும் முழுதாக நின்று பார்த்தபின் வலப்பக்கம் திரும்பலாம், கூடாது என்று பலகை இல்லாவிட்டால். மஞ்சள் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கு மினுக்கினால் இரண்டு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்புள்ள வீதியில் மட்டும் எதிர்த்திசைக்கு விலக்கு. முதல்தரம் பிடிபட்டாலே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் 6 குற்றப்புள்ளியும். வேக எல்லை 80-க்குக் குறைந்த வீதியில் எல்லையைவிட 40 கிலோமீட்டர் கூட ஓடினால், அல்லது எல்லை 80-உம் அதற்கு மேலும் உள்ள வீதியில் 50 கூட ஓடினால், லைசன்ஸ் அந்த இடத்திலேயே 30 நாளுக்கு நிறுத்தப்படும், காரை 14 நாளுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

லைசன்சுக்கு அடுத்தது இன்சூரன்ஸ், காருக்கு முன். ஊரில் காரை வாங்கி, காப்புறுதியைக் கடைசியாக, செலவோடு செலவாகப் போடுவோம். அங்கே பலருக்கு வருடக் காப்புறுதி பழைய காரின் விலையில் பாதிக்கு வந்துவிடும். நான் ஒரு சிறிய விற்பனை வளவில் 6,800 டொலர் காருக்குக் கையெழுத்துப் போட்டபோது கையில் ஜி1 மட்டும்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் காரைப் பெயரில் பதிய முடியாது. ஜி1-ஐ வைத்து என்னைப் பிரதான சாரதியாகப் போட நான் கேட்ட இடம் ஒன்றிலும் சம்மதிக்கவில்லை. கார் ஏழு வாரம் அந்த வளவிலேயே நின்றது. ஒன்ராறியோவில் கார் ஒப்பந்தத்துக்கு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிற கால அவகாசம் கிடையாது. கையெழுத்து விழுந்தால் விழுந்ததுதான். ஜி2 கிடைத்ததும், காசு முழுக்கக் காருக்குள் போய்விட்ட அவசரத்தில், முதலில் சொன்ன விலைக்கே தலையாட்டினேன்: மாதம் 410 டொலர். அடுத்த வருடம் ஆறுதலாக நாலு முகவரிடம் கேட்டபோது, அதே கார், அதே விலாசம், 265. அந்த ஒரு வருட வித்தியாசம் மட்டும் 1,740 டொலர். அனுபவம் ஒரு வருடம் கூடியதற்கும் அதில் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அந்த நாலு பேரிலேயே ஒருவர் 380 சொன்னார்.

ஆகவே பிடித்த மொடல் இரண்டு மூன்றைத் தெரிவு செய்து, விற்பனைக்கு நிற்கும் ஒரு காரின் வின் நம்பரை, அதாவது அந்தக் காருக்கே உரிய அடையாள இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதைக் கொடுத்து விலை கேளுங்கள். விலாசத்தின் தபால் குறியீடும் விலையை மாற்றும். அடிக்கடி திருட்டுப் போகிற மொடல் என்றால் மேலதிகமாகக் கேட்பார்கள். சட்டப்படி குறைந்தது 2 இலட்சம் டொலர் மூன்றாம் தரப்புக் காப்பு வேண்டும். பெரும்பாலானவர்கள் 10 இலட்சமோ 20 இலட்சமோ போடுகிறார்கள், கூடுகிற தொகை அவ்வளவு பெரிதல்ல. இதில் கூச்சப்படாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘மாமாவின் பெயரில் காரைப் போடு, அவருக்கு இன்சூரன்ஸ் குறைவு’ என்றும், ‘வேறு ஊரில் இருக்கும் சித்தியின் விலாசத்தைக் கொடு’ என்றும் அன்போடு சொல்ல நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அது பொய்த்தகவல். விபத்து நடந்து விசாரித்தால் உங்கள் நட்டத்தைத் தர மறுப்பார்கள், காப்புறுதியை இரத்துச் செய்வார்கள், பிறகு பல வருடத்துக்கு மற்ற நிறுவனங்களும் கூடிய விலைதான் சொல்லும். மாமாவின் பெயரும் சேர்ந்து கெடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல்தரமே குறைந்தது 5,000 டொலர் தண்டம்.

இப்போது கார். தனியாளிடம் வாங்கினால் அவர் உங்களுக்கு ‘யூஸ்ட் வெஹிக்கிள் இன்பர்மேஷன் பக்கேஜ்’ என்ற ஆவணக் கட்டைத் தர வேண்டும். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு எடுப்பது. ஒன்ராறியோவில் யார் யார் கையில் இருந்தது, கார்மேல் கடன் நிற்கிறதா, சராசரி விலை என்ன என்பது அதில் இருக்கும். கடன் நின்றால் காரை வாங்கியபின்னும் கடன் கொடுத்தவர் வந்து தூக்கலாம். ஊரில் லீசிங் கொம்பனியின் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே எச்சரிக்கைதான். வரி 13 வீதம். ஆனால் தனியாள் விற்பனையில் நீங்கள் கொடுத்த விலைக்கும் அந்தக் கட்டில் உள்ள மொத்த வியாபார விலைக்கும் எது கூடவோ அதற்குத்தான் வரி. 6,000-க்குப் பேசி முடித்த காருக்கு மொத்த வியாபார விலை 7,500 என்றிருந்தால், 780 அல்ல, 975 டொலர் கட்ட வேண்டும். விற்பனை நிலையம் என்றால் அது ஓம்விக் என்ற மேற்பார்வை அமைப்பில் பதிந்ததா என்று பாருங்கள். பதிந்த நிலையம் விளம்பரப்படுத்தும் விலைக்குள் எல்லாக் கட்டணமும் அடங்க வேண்டும்; வரியும் பதிவுக் காசும்தான் வெளியே. கடைசி மேசையில் ‘நிர்வாகக் கட்டணம் 499’ என்று புதிதாக ஒரு வரி வந்தால் விளம்பரத்தை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். கேட்க நாக்கு எழும்பாது, எனக்கும் எழும்பவில்லை, கேட்கத்தான் வேண்டும்.

சேப்டி சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் சொன்னதும் மனம் இளகிவிடும். அது 36 நாளுக்குத்தான் செல்லும். பிறேக், ஸ்டியரிங், ரயர், லைற், உடற்சட்டம் அந்த நாளில் தேறின என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. எஞ்சினும் கியர்பெட்டியும் நன்றாக இருக்கின்றன என்று அது உத்தரவாதம் தராது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் 100, 150 டொலர் கொடுத்துக் காரைத் தூக்கிப் பார்க்க வையுங்கள். சம்மதிக்காத விற்பனையாளரை விட்டு வாருங்கள். போக முன் நீங்களும் பாருங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் வர முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் பொனற்றைத் தொட்டாலே தெரியும். காரின் கணினியை வாசிக்கிற 30 டொலர் ஸ்கானர் ஒன்றைச் செருகினால் பிழைக்குறிகள் வரும். அதில் ‘ரெடினஸ்’ பகுதி, அதாவது கார் தன்னைத் தானே சோதிக்கிற வேலை, முடிவடையாமல் இருந்தால் எச்சரிக்கை விளக்கை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மேலாகத் துரு. திருமலைக்காரருக்குத் துரு புதிதல்ல, கடற்கரை வீட்டுக் கேற் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்த துரு காற்றில் வந்து மேலே பிடிப்பது. அங்கே பனிக்கு வீதியில் உப்புப் போடுவதால் அது கீழே இருந்து தின்னும். மேலே வர்ணம் கண்ணாடிபோல மின்னும், கீழே ஒன்றும் இருக்காது. நான் ஏமாந்தது இதில்தான், வாங்கிய ஆறாம் மாதம் 2,400 டொலர். ஒரு காட்போட் மட்டையை நிலத்தில் போட்டு, ரோர்ச் எடுத்து, கீழே படுத்துப் பாருங்கள். புகைக்குழாயில் செம்மை நிறமாகத் துரு இருந்தால் பயமில்லை. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு, ஜக் வைக்கிற மடிப்பு, பின்சில்லுக்கு மேல் வளைவு, சில்லுகளைத் தாங்கும் சட்டம், பிறேக் எண்ணெய்க் குழாய் ஆகியவைதான் முக்கியம். விரலால் அழுத்தினால் அப்பளம்போல அடுக்கடுக்காக உதிர்ந்தால், ஸ்குருட்ரைவரின் பின்பக்கத்தால் தட்டும்போது ணங் என்று கேட்காமல் சொத் என்று கேட்டால், விலை எதுவானாலும் வேண்டாம். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வளைவில் வையுங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டாவிட்டால் உள்ளே பூச்சுமாப் போட்டு அடைத்திருக்கிறார்கள். பழைய காரின் அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புத் தார் பூசியிருந்தால் அதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். எனக்குப் பூசித் தந்ததும் அதுதான்.

கடனுக்கு எடுப்பதென்றால் மாதக் காசைக் கேட்காமல் மொத்தக் காசைக் கேளுங்கள். 20,000 டொலரை 9 வீத வட்டிக்கு 84 மாதம் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 322. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 7,000. அதையே 48 மாதத்தில் கட்டினால் மாதம் 498, வட்டி 3,900. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் 160 டொலர் என்பார்கள். வருடத்தில் அது 24 தரம் வராது, 26 தரம் வரும்.

பனிக்காலத்தை முதல் வருடத்தில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும்; மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளம் உள்ள ரயர் நாலும் வேண்டும், இரண்டு மட்டும் போட்டால் மற்றப் பக்கம் வழுக்கும். நவம்பருக்குள் போட்டுவிடுங்கள், இன்சூரன்சிலும் அதற்குக் கழிவு கேட்கலாம். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 என்று எழுதியதாக இருக்க வேண்டும். முதல் பனி விழுந்ததும் வெறுமையான ஒரு பெரிய பார்க்கிங் வளவுக்குப் போய், 30 கிலோமீட்டர் வேகத்தில் பிறேக்கை முழுதாக அமத்திப் பாருங்கள். மிதி காலுக்குக் கீழே படபடவென்று துடிக்கும். அது சில்லு இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ் வேலை செய்வது; பயந்து காலை எடுக்கக்கூடாது, அமத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அந்தத் துடிப்பைக் கால் ஒருதரம் அறிந்திருக்க வேண்டும், முதல்முதலாக அதை 401-இல் அறியக் கூடாது. பாலங்கள் முதலில் உறையும். காரைச் சூடாக்க மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, திரும்பி வரும்போது. இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்குக் கட்டுநாயக்காவில் இறங்குவீர்கள். தூக்கமில்லாத உடம்போடு அன்றே வான் ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். ஊருக்கு வர ஒரு சாரதியைப் பிடியுங்கள். பொழுதுபட்ட பின் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை வீதிக்கு வரும், அந்த நேரத்தில் கை இடத்தோளில் நடுக்கோட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் நித்திரை கொண்டபின், விடிய ஆறு மணிக்கு உப்புவெளியில் இருந்து சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும் ஒருக்கால் மெதுவாக ஓடிப் பாருங்கள். என் கை இந்தமுறையும் மூன்றாம் நாள்தான் பழைய இடத்துக்கு வந்தது.